நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறது: மூன்றாவது பேட்டரி வாங்கும் முன் அளந்து பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஏழெட்டு மாதம் ஊரில் இருக்க மாட்டார். வீட்டில் இவர், மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள். 2018 மாடல் பெட்ரோல் கார் தெருவில்தான் நிற்கிறது. பள்ளிக்கு நடந்தே போய்விடுவதால், ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் மட்டும் வண்டியை எடுக்கிறார்.

இரண்டு தீபாவளிக்கு முன்பு பெரிய திரை வைத்த மியூசிக் சிஸ்டமும் ரிவர்ஸ் கேமராவும் போட்டிருக்கிறார்கள். "சாவி போடாமலே பாட்டு கேட்கலாம் மேடம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னாராம். அடுத்த பொங்கலுக்குள் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. புதுசு போட்டார்கள். பதினோரு மாதத்தில் அதுவும் போய், மறுபடி புதுசு. அதற்கு இப்போது ஐந்து மாதம்தான் ஆகிறது. நாலு நாள் நின்றால் தடுமாறி ஸ்டார்ட் ஆகிறது, ஐந்தாவது நாள் டிக் டிக் சத்தம் மட்டும்தான். ஒரே ஒரு முறை, காஞ்சிபுரத்தில் கல்யாணம் முடித்து வந்து டிக்கியிலிருந்து சாமான்களை இறக்கின பிறகு, மூன்றாம் நாளே வண்டி உட்கார்ந்துவிட்டது.

போன மாதம் ராத்திரி 2 மணிக்கு மாமியாருக்கு மூச்சுத் திணறல். கார் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். மெக்கானிக், என்ஜின் ஓடும்போதே பேட்டரியின் டெர்மினலை, அதாவது ஒயர் மாட்டுகிற முனையைக் கழற்றிப் பார்த்துவிட்டு "டைனமோ வீக், 14,000 ஆகும்" என்கிறார். மச்சினர், "தினம் ராத்திரி டெர்மினலைக் கழற்றிவிடு, அண்ணி" என்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று: டைனமோவை மாற்றத்தான் வேண்டுமா? பேட்டரிக் கடையில் புதுசு கேட்க முடியுமா? டெர்மினலைக் கழற்றினால் ஏதாவது கெடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் இப்போது நலம் என்று எழுதியிருந்ததைப் படித்து நிம்மதி. பேட்டரிக்குப் போகும் முன் ஒன்று. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் இனி கார் சாவியைத் தேடாதீர்கள். கார் நன்றாக இருந்தாலும் சரி, முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். அவர்கள் வண்டியில் ஆக்சிஜன் இருக்கும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். "இப்போதெல்லாம் பேட்டரி சரக்கே சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடமாக வண்ணாரப்பேட்டையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன்; உங்கள் விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் என்ன பார்ப்போம்? தொட்டியில் ஓட்டையா, மோட்டார் சரியாக ஏற்றவில்லையா, எங்காவது குழாய் ஒழுகுகிறதா என்று மூன்றையும் பார்ப்போம். நீங்கள் இரண்டு முறை தொட்டியை, அதாவது பேட்டரியை மாற்றிவிட்டீர்கள். மெக்கானிக் மோட்டாரை, அதாவது வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோவை மாற்றச் சொல்கிறார். ஒழுகும் குழாயை இதுவரை யாரும் தேடவில்லை.

உங்கள் கடிதத்திலேயே இருக்கிற கணக்கு

பூட்டி நிறுத்திய எந்தக் காரும் கொஞ்சம் கரன்ட் குடிக்கும். ரிமோட் சாவிக்குக் காது கொடுக்க, கடிகாரம் ஓட, கம்ப்யூட்டரின் நினைவு அழியாமல் இருக்க அது வேண்டும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் பயமில்லை. 50 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர்தான் (தொட்டிக்கு லிட்டர் மாதிரி, பேட்டரிக்கு ஆம்பியர்-அவர்). உங்கள் மாதிரி சின்ன காரில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். அது முழு சார்ஜில் இருந்தால் இரண்டு வாரம் கழித்து வந்தாலும் செல்ஃப் எடுக்க வேண்டும்.

உங்கள் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வாய்ப்பில்லை. வாரம் ஒரு முறை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஏசியோடு ஊர்ந்து போய்விட்டு வருகிறீர்கள். அந்த ஓட்டத்தில் பேட்டரி நிறையாது. 28 ஆம்பியர்-அவர் இருந்ததாக வைப்போம். ஐந்து நாளில் 20 போனால்தான் இந்த டிக் டிக் நிலை வரும். அதாவது ஒரு நாளைக்கு 4, சுமார் 170 மில்லி ஆம்பியர். இருக்க வேண்டியதைப் போல மூன்று, நாலு மடங்கு.

இப்போது காஞ்சிபுரம் கதைக்கு வாருங்கள். அவ்வளவு தூரம் ஓட்டி வந்த பேட்டரி நிறைந்துதான் இருந்திருக்கும். அப்படியும் மூன்றாம் நாளே இறங்கிவிட்டது. அதே கடிதத்தில், வேறு ஏதோ சொல்லும்போது, "டிக்கியை இரண்டு முறை அடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். டிக்கிக்குள் இருக்கிற பழைய மாடல் 5 வாட் பல்பு ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் குடிக்கும். அது தினமும் எரிந்துகொண்டிருந்தால் உங்கள் கார் ஐந்தாவது நாள் வரை தாங்காது. ஆகவே வழக்கமாகத் திருடுவது டிக்கி விளக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் டிக்கி சரியாகப் பூட்டாமல் அதுவும் சேர்ந்துகொண்டது. 4-ம் 10-ம் 14. முழு பேட்டரியையும் இரண்டரை நாளில் முடித்துவிடும். உங்கள் காரில் லீக் இரண்டு இருக்கிறது, ஒன்று தினசரி, இன்னொன்று எப்போதாவது என்பது என் எண்ணம். ஒன்றைச் சரிசெய்துவிட்டு "முடிந்தது" என்று விட்டால் இன்னொன்று இரண்டு மாதம் கழித்து வந்து நிற்கும்.

தினசரி லீக் எது? என் முதல் சந்தேகம் அந்த மியூசிக் சிஸ்டம் மேல்தான். சிஸ்டத்துக்குப் பின்னால் மஞ்சள் ஒயர் ஒன்று வரும். அதில் எப்போதும் கரன்ட் இருக்கும், நினைவுக்கு. சிவப்பு ஒயரில் சாவியைத் திருப்பினால்தான் கரன்ட் வர வேண்டும். சாவி போடாமல் பாட்டு பாடுகிறது என்றால் சிவப்பையும் மஞ்சளோடு முறுக்கி டேப் சுற்றியிருக்க அநேக வாய்ப்பு உண்டு. திரை அணைந்திருக்கும், உள்ளே இருக்கிற மூளை தூங்காது. நீங்கள் வரிசையாக எழுதின தேதிகளையே பாருங்கள். தீபாவளிக்கு சிஸ்டம் போட்டீர்கள், பொங்கலுக்குள் பேட்டரி இறங்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் பேட்டரியையும் காரையும் பிரித்துப் பாருங்கள்

இதை நீங்களே வீட்டில் செய்யலாம். வோல்ட்டும் கரன்ட்டும் அளக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேட்டரியைக் கடையில் கொடுத்து, மெதுவாக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொண்டு வந்து அரை நாள் சும்மா வைத்த பிறகு மீட்டரில் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. இந்த அளவுகளை மீட்டர் உறைக்குள் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் காரில் வைத்து, மைனஸ் டெர்மினலை மட்டும் மாட்டாமல் நாலு நாள் விடுங்கள். ஐந்தாவது நாள் காலை அளந்து பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது, கார்தான் குடிக்கிறது. கழற்றி வைத்தும் 12.3-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. அப்போது வாரன்டி அட்டையோடு கடைக்குப் போகலாம். அடுத்து டெர்மினலை மாட்டி, வழக்கம்போலப் பூட்டி, அதே நாலு நாள். தினம் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, கார்க் கதவைச் சாத்தி, இருபது நிமிடம் கழித்து அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். உடனே அளந்தால், கதவு திறந்ததில் விழித்துக்கொண்ட விளக்கும் கம்ப்யூட்டரும் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

டெர்மினலைத் தொடும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரின் உடம்பு முழுக்க மைனஸ்தான். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். கையில் உலோக வளையல் இருந்து அது இடையில் மாட்டினால் சதையோடு சுட்டுவிடும். நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டிக்கிக்கு ஒரு எளிய சோதனை. போனில் வீடியோ ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து, நீங்கள் வழக்கமாகச் சாத்துகிற மாதிரி ஒரே முறை சாத்துங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். படம் இருட்டாகாமல் வெளிச்சமாகவே இருந்தால் விளக்கு அணையவில்லை.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது

இதற்கு மேல் கைதேர்ந்தவர் வேண்டும். "கரன்ட் லீக்கை அளந்து, எத்தனை மில்லி ஆம்பியர் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அளக்காமல் ஒயரைத் தடவிப் பார்த்துச் சொல்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம். முறையாகச் செய்கிறவர் மைனஸ் டெர்மினலுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் மீட்டரைச் சேர்ப்பார், கதவுப் பூட்டுகளை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளிக் கதவு சாத்தியிருப்பதாகக் காரை நம்பவைப்பார், சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் முக்கியம். நிறுத்தின உடனே எந்தக் காரும் சில ஆம்பியர் காட்டும்; உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க 20 முதல் 40 நிமிடம் ஆகும். அவசரப்பட்டவர் அந்த எண்ணைப் பார்த்து நல்ல காரிலும் லீக் என்பார்.

எண் அதிகம் என்று தெரிந்த பிறகு எந்த வழியில் போகிறது என்று தேட வேண்டும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பிடுங்கி மாட்டும்போது தூங்கின கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும். அதைவிட, ஃபியூஸின் தலையில் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளியிலும் மீட்டர் முனையை வைத்து மில்லி வோல்ட் பார்ப்பது நல்லது. சுழி காட்டினால் அந்த வழியில் கரன்ட் ஓடவில்லை. ஏதோ ஒரு எண் காட்டினால் அங்கே ஓடுகிறது. உங்கள் காரில் முதலில் மியூசிக் சிஸ்டத்தின் ஃபியூஸிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

சிஸ்டம் சரியாக இருந்தால் தரைக் கார்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் தெருவில் கதவின் அடிப்பகுதி வரை தண்ணீர் நின்றதாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன வரியாகத் தெரியவில்லை. அந்த மழைக்கு எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அங்கிருந்து ஒரு கார் என்னிடம் வந்தது. மேலே பார்த்தால் புது வண்டி மாதிரி மினுங்கியது. டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற பஞ்சு இன்னும் ஈரம், எண்ணெய் வாடை. அதற்குள் புதைந்திருந்த கனெக்டரைப் பிரித்தபோது உள்ளே ஒவ்வொரு பின்னும் பச்சைப் பாசி பிடித்த மாதிரி பூத்திருந்தது. பக்கத்துப் பின்னோடு ஒட்டிக்கொண்டு கரன்ட் கசிந்துகொண்டிருந்தது. வெள்ளம் வடிந்து மாதக்கணக்கில் ஆகியும் அது உலரவே இல்லை. உங்கள் வண்டியில் இப்படி இருந்தே தீரும் என்று சொல்லவில்லை. பார்க்காமல் விடக் கூடாது என்கிறேன்.

கடல் காற்றும் நம் பக்கம் ஒரு காரணம்தான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால், ஒயரைக் கழற்றி, சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, மாட்டின பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இது லீக்கை நிறுத்தாது. ஆனால் டைனமோ அனுப்புகிற சார்ஜ் முழுசாகப் பேட்டரிக்குள் போகும்.

டைனமோவுக்கு 14,000 கொடுக்கும் முன்

மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பார்த்த முறை தப்பு. என்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றினால் டைனமோவின் வோல்ட் ஒரு கணம் எகிறும். அதைத் தாங்கிக்கொள்வதே பேட்டரிதான். கம்ப்யூட்டர் இல்லாத பழைய அம்பாசிடரில் இந்தப் பழக்கம் ஓடியது. இன்றைய காரில் இப்படிச் செய்தால் என்ஜின் கம்ப்யூட்டர் போகலாம், அதன் விலை டைனமோவைவிட அதிகம். இனி யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

உங்கள் மீட்டரே பதில் சொல்லும். என்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டும் 13.5-க்குக் கீழே போகவில்லை என்றால் டைனமோ சார்ஜ் போடுகிறது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: டைனமோவுக்குள், கரன்ட்டை ஒரே பக்கமாக மட்டும் விடுகிற டையோடு கெட்டால், சார்ஜும் போடும், நிற்கும்போது கரன்ட்டையும் திருப்பிக் குடிக்கும். எலக்ட்ரீஷியன் லீக்கை அளக்கும்போது, டைனமோவுக்குப் போகிற தடித்த ஒயரைக் கழற்றினதும் எண் சட்டென்று விழுந்தால் அதுதான். அப்படியே இருந்தாலும் டையோடு தட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல டைனமோவுக்குத் தனியாகக் கிடைக்கும்.

வாரன்டியும் பில்லும்

இங்கே உங்கள் எதிர்பார்ப்பை மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கிறது. பேட்டரி வாரன்டி தயாரிப்புக் குறைக்குத்தான். காரில் கரன்ட் லீக்காகி இறங்கின பேட்டரியைக் கடைக்காரர் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட் (பளு கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்து, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கழற்றி வைத்த சோதனையிலும் இறங்கியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். அதனால் அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அட்டையில் வாங்கின தேதி, பேட்டரியின் சீரியல் நம்பர், கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன்: பலமுறை அடியோடு இறங்கின பேட்டரி பழைய பலத்துக்குத் திரும்பாது. லோடு டெஸ்ட் முடிவையும் எழுதி வாங்குங்கள்.

சிஸ்டம் போட்ட கடையின் ஒயரிங்தான் காரணம் என்று தெரிந்தால், எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்ததோடும் பில்லோடும் போய், இலவசமாகச் சரிசெய்து தரும்படி முதலில் நேரில் கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் செய்து கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கு மேல் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. உங்களுக்கு அந்த 2 வருடம் எந்த நாளில் முடிகிறது என்று பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நாள் அதிகம் மிச்சமில்லாமல் இருக்கலாம். பில்லே இல்லையென்றால் பணம் அனுப்பின வங்கிக் குறுஞ்செய்தியாவது வேண்டும்.

உங்கள் மச்சினர் சொன்னது ஆபத்தான யோசனை இல்லை. வேலை முடியும் வரை பத்துப் பதினைந்து நாளைக்குச் செய்யலாம். கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகும், ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். ஆனால் தினம் கழற்றி மாட்டினால் டெர்மினல் வளையம் தளர்ந்து, அதுவே இன்னொரு கோளாறு ஆகும். ராத்திரி 2 மணிக்கு இருட்டில் ஸ்பேனரோடு நிற்பதும் நடக்கிற காரியம் இல்லை. வேண்டுமானால் மைனஸில் திருகி அணைக்கிற கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று மாட்டிக்கொள்ளலாம்.

பக்கத்தில் நின்ற கன்டெய்னர் லாரி டிரைவர், தன் லாரி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து தருகிறேன் என்று வந்ததாகவும், மாமியார் தடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏதோ பயத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் காரைக் காப்பாற்றியவர் அவர்தான். அந்த லாரிகளில் 24 வோல்ட், உங்கள் காரில் 12. டிரைவருக்கு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. கேபிளை அப்படியே போட்டிருந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் கருகியிருக்கும். கேபிள் போட்டுக் கரன்ட் வாங்குவதென்றால் இன்னொரு காரிலிருந்து மட்டும் வாங்குங்கள். கேபிளின் கடைசி முனையை உங்கள் பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், தள்ளி இருக்கிற என்ஜின் இரும்பில் மாட்டச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது.

மகள் சாயங்காலம் காரில் உட்கார்ந்து பாட்டு கேட்பாள் என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பு ஒயரை, சாவியைத் திருப்பினால் மட்டும் கரன்ட் வருகிற ஆக்சஸரி ஃபியூஸுக்கு மாற்றுவது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. அதற்குப் பிறகு அவள் கேட்க சாவி வேண்டும். சாவியைக் கொடுங்கள், அரை மணி நேரம் கேட்கட்டும், இறங்கும்போது சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாளா என்று மட்டும் பாருங்கள்.

வேலை முடிந்து வண்டி வந்ததும், பேட்டரிக்கு மறுபடி முழு சார்ஜ் போட்டுவிட்டு, அதே நோட்டில் அதே மாதிரி இன்னும் ஐந்து நாள் எழுதுங்கள். ஐந்தாவது நாள் காலை 12.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் லீக் நின்றுவிட்டது. 12.2 என்று காட்டினால் இரண்டாவது லீக் இன்னும் இருக்கிறது. எண்களோடு வண்டியை அதே எலக்ட்ரீஷியனிடம் திரும்பக் கொண்டுபோங்கள், புதுப் பேட்டரி வாங்கப் போகாதீர்கள்.